கோடுகளைப் படிக்கும் குட்டி மூளை

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைத் தூக்கிப் போடாமலேயே அதற்குப் பார்கோடு படிக்கக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் அது எதைப் படிக்கிறது, எதைப் படிப்பதில்லை என்பது கடைக்காரருக்கும் தெரிய வேண்டும், வாங்குபவருக்கும் தெரிய வேண்டும்.

உலக வரைபடத்தில் லாங் ஐலண்ட் என்ற பெயர் பல இடங்களில் உண்டு. இந்தக் கதைக்கு இரண்டு போதும். ஒன்று நியூயார்க் நகரின் பாதியைத் தன் தோளில் சுமந்து நிற்கும் பெரிய தீவு. மற்றொன்று அந்தமானில், ரங்கத் பகுதியை அடுத்துக் காடும் கடலும் சூழ்ந்த சின்னத் தீவு. ஒரு காலத்தில் ஒட்டுப்பலகை ஆலைக்கும் இன்று லாலாஜி பே கடற்கரைக்கும் பெயர் பெற்றது.

கையில் துப்பாக்கிபோல் பிடித்துக்கொண்டு பார்கோடு படிக்கும் லேசர் கருவியை உலகக் கடைகளுக்குக் கொண்டுபோனதில் முதல் தீவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜெரோம் ஸ்வார்ட்ஸும் ஷெல்லி ஹாரிசனும் 1970களில் தொடங்கிய சிம்பல் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் அங்கேதான் வளர்ந்தது. 2007ல் மோட்டோரோலா அதை வாங்கியது. 2014ல் அந்தத் தொழில் ஜீப்ரா நிறுவனத்தின் கைக்குப் போனது.

இரண்டாவது தீவுக்குச் சோப்பும் பிஸ்கட்டும் பால் பவுடரும் மாத்திரையும் படகில் வந்து இறங்குகின்றன. ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகிலும் அதே கறுப்புக் கோடுகள். கோடுகள் எளிதாக வந்து சேர்ந்துவிடும். அவற்றைப் படிக்கும் கருவி வருவதுதான் கடினம். நகரத்துக் கடைக்காரர் பழைய பில் மெஷினைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்வார். பழுது பார்க்கும் ஆள்கூட அலையைப் பார்த்துப் படகேறி வரவேண்டிய இடத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தராசையோ பில் மெஷினையோ மாற்றுவது சாதாரண முடிவல்ல.

அதனால் தீவுக்காரர்களுக்கு மட்டுமல்ல, நாட்டின் எந்த மூலையிலும் உள்ள சிறு கடை, மருந்துக்கடை, பரிசோதனைக்கூடம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் கேள்வி ஒன்று உண்டு: இருக்கிற இயந்திரத்துக்கே பார்கோடு படிக்கும் திறனைக் கூட்டித்தர முடியுமா? முடியும். அந்த வேலையைச் செய்வது நகத்தளவுள்ள ஒரு சமாச்சாரம். அதன் பெயர் டிகோடர் சிப்.

மணலில் பிறந்த கோடு

பார்கோடு பிறந்ததும் ஒரு கடற்கரையில்தான். 1949 வாக்கில் நார்மன் ஜோசப் உட்லண்ட் என்ற அமெரிக்க இளைஞர் மயாமி கடற்கரை மணலில் உட்கார்ந்து, சிறுவயதில் கற்ற மோர்ஸ் தந்தி முறையின் புள்ளிகளையும் கோடுகளையும் விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தார். புள்ளி மெல்லிய கோடானது; கோடு தடித்த கோடானது. நண்பர் பெர்னார்ட் சில்வருடன் சேர்ந்து அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1952 அக்டோபரில் கிடைத்தது. ஆனால் அதைப் படிக்க அன்று மலிவான லேசரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. யோசனை இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

1973ல் அமெரிக்க மளிகைத் தொழில், ஐபிஎம்மின் ஜார்ஜ் லாரர் வகுத்த 12 இலக்கக் கோட்டு முறையைத் தேர்ந்தெடுத்தது. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஸ்கேனர்மீது நகர்ந்தது. இந்தக் கோட்டு முறையில் விழுந்த முதல் பில் அதுதான்.

இந்தியாவுக்கு இது முறையாக வந்து சேர்ந்தது 1996ல். அந்த ஆண்டு மத்திய வர்த்தக அமைச்சகமும் தொழில் அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கிய இஏஎன் இந்தியா அமைப்பு (இன்றைய ஜிஎஸ்1 இந்தியா) 890 என்று தொடங்கும் எண்களை வழங்க ஆரம்பித்தது. அதே 1996ல்தான் சென்னையில் ஃபுட்வேர்ல்ட் கடை திறந்து, தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குக் கூடையைத் தள்ளிக்கொண்டு போகும் பழக்கத்தை அறிமுகப்படுத்தியது.

கண், மூளை, நாக்கு

பார்கோடு படிக்கும் எந்தக் கருவியையும் பிரித்துப் பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும்: கண், மூளை, நாக்கு.

கண்ணின் வேலை எளிது. சிவப்பு ஒளியைக் கோடுகள்மீது பாய்ச்சுகிறது. வெள்ளை இடைவெளி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்புக் கோடு விழுங்கிவிடுகிறது. திரும்பி வரும் ஒளியை ஒரு சென்சார் மின்துடிப்பாக மாற்றுகிறது. ஒளி சிவப்பு என்பதால் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளைத் தாளில் சிவப்பு மையில் அச்சிட்ட பார்கோடு நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஸ்கேனருக்கோ அது வெற்றுத்தாள். அழகுக்காகச் சிவப்பிலும் ஆரஞ்சிலும் கோடு அச்சிட்டுவிட்டுக் கடையில் திண்டாடும் புதிய தயாரிப்பாளர்களுக்கு இது முதல் பாடம்.

கண் அனுப்புவது எண்ணல்ல. 'இருட்டு இவ்வளவு நேரம், வெளிச்சம் இவ்வளவு நேரம்' என்ற துடிப்பு மட்டுமே. அதை எண்ணாக மாற்றுவதுதான் மூளையான டிகோடர் சிப்பின் வேலை. இங்கேதான் சிக்கல். பேனா வடிவ ஸ்கேனரைக் கோட்டின்மேல் ஒருவர் விறுவிறுவென்று இழுப்பார், இன்னொருவர் மெதுவாக இழுப்பார். அதே கோடு ஒருவர் கையில் குறுகியதாகவும் மற்றவர் கையில் நீண்டதாகவும் தெரியும்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இதன் விடை உடனே புரியும். ஆதி தாளத்தை விளம்ப காலத்தில் போட்டாலும் துரிதத்தில் போட்டாலும் அட்சரங்களின் விகிதம் மாறுவதில்லை. டிகோடர் சிப்பும் நேரத்தை அளப்பதில்லை, விகிதத்தை அளக்கிறது. கடைப்பொருள்களில் உள்ள 13 இலக்க முறையில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஏழு பங்கு அகலம். அந்த ஏழுக்குள் இரண்டு கோடுகள், இரண்டு இடைவெளிகள். ஏழு பங்கும் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் இலக்கம் தெரிந்துவிடும்.

அச்சகத்தில் மை கொஞ்சம் பரவிக் கோடு தடித்துவிட்டால்? அதற்கும் சிப்பில் வழி உண்டு. ஒரு கோட்டின் முன்விளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் முன்விளிம்புவரை அளந்தால், இரண்டு கோடுகளும் ஒரே அளவு தடித்திருப்பதால் பிழை தானே அடிபட்டுப் போகிறது. இந்த முறைக்கும் பிடிபடாத ஜோடிகள் இரண்டு உண்டு: 1ம் 7ம், 2ம் 8ம். அந்த இடங்களில் மட்டும் சிப் கோட்டின் தடிமனையும் தனியாகப் பார்த்து முடிவெடுக்கிறது. 1ஐயும் 7ஐயும் குழப்பிக்கொள்வது மளிகைக்கடைச் சிட்டைக்கு மட்டும் உரிய வியாதி அல்ல!

இதைவிட ஆச்சரியம், அச்சில் இருப்பது 13 இலக்கம் என்றாலும் கோடுகள் 12 இலக்கங்களுக்குத்தான். இந்தியாவின் 890ல் உள்ள அந்த 8, கோடுகளுக்கு வெளியே இடப்பக்கம் தனியாக நிற்பதைக் கவனிக்கலாம். அதற்குச் சொந்தமாகக் கோடு கிடையாது. இடப்பாதியில் உள்ள இலக்கங்களை இரண்டு விதமாக எழுத முடியும். எந்த இலக்கம் எந்த விதத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்ற வரிசையைப் பார்த்தே சிப் அந்த 8ஐ ஊகித்துக்கொள்கிறது. 1977ல் ஐரோப்பியர்கள், அமெரிக்காவின் 12 இலக்கக் கோட்டை அதே அகலத்தில் வைத்துக்கொண்டே 13வது இலக்கத்தை உள்ளே மறைத்துவைத்த சாமர்த்தியம் இது. இருப்பதைக் கலைக்காமல் புதியதைச் சேர்ப்பது என்பது இந்தத் தொழிலின் பிறவிக்குணம்.

கடைசியாகக் காவல்காரன். 13வது இலக்கம் பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மற்ற பன்னிரண்டும் சரியா என்று சோதிக்க மட்டும் இருக்கிறது. மாதிரிக்கு 890123456789 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு குறைகிறதோ அதுவே கடைசி இலக்கம். இங்கே எதுவும் குறையவில்லை, எனவே 0. வீட்டில் உள்ள எந்தச் சோப்பு உறையிலும் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு இலக்கம் தவறினாலும் கணக்கு இடிக்கும். கணக்கு சரியாக வந்தால்தான் 'பீப்' சத்தம். இல்லாவிட்டால் சிப் வாய் திறக்காது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத அடக்கம், பல மனிதர்களுக்கு இல்லாத குணம்.

நடுவில் செருகிய ஆப்பு

மூளை தயார். இனி அது கண்டுபிடித்த எண்ணை இயந்திரத்திடம் எப்படிச் சொல்வது? நாக்கின் வேலை அதுதான். பழைய இயந்திரத்துக்குப் புதிய திறனைக் கூட்டும் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது.

ஆரம்ப நாள்களில் ஒவ்வொரு நிறுவனமும் கண், மூளை, நாக்கு மூன்றையும் சேர்த்தே பெரிய பெட்டியாக விற்றது. 1980களில் ஹியூலெட் பக்கார்டு போன்ற நிறுவனங்கள் மூளையை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு சிப்பில் அடக்கி விற்றன. தராசு தயாரிப்பவரோ வருகைப்பதிவுக் கருவி தயாரிப்பவரோ பார்கோடு சாஸ்திரம் முழுவதையும் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை. சிப்பின் ஒரு பக்கம் பேனா ஸ்கேனரை இணைத்தால் போதும். மறுபக்கத்திலிருந்து எண்ணும் எழுத்தும் வரிசையாக வந்துகொண்டிருக்கும். எந்த வகைப் பார்கோடு என்பதைக்கூடச் சிப் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

அதே நிறுவனம் 1980 வாக்கில் தன் எச்பி-41 கால்குலேட்டருக்கு ஒரு பேனாவை விற்றது. கால்குலேட்டரின் துளையில் அதைச் செருகி, புத்தகத்தில் அச்சான கோடுகள்மீது இழுத்தால், நூற்றுக்கணக்கான விசைகளை அழுத்திச் சேர்க்கவேண்டிய புரோகிராம் தானாக உள்ளே போய்விடும். கோடு படிக்கத் தெரியாமல் பிறந்த கருவி, ஒரு செருகலில் படிப்பாளியானது.

கம்ப்யூட்டருக்கு வந்த வழி இன்னும் தந்திரமானது. விசைப்பலகைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு சிறிய பெட்டியைச் செருகினார்கள். அதற்குப் பெயரே 'வெட்ஜ்', அதாவது ஆப்பு. ஆனால் யாருக்கும் கெடுதல் செய்யாத ஆப்பு. ஸ்கேனர் படித்த எண்ணை, யாரோ விசைப்பலகையில் தட்டியதுபோலவே கம்ப்யூட்டருக்கு அனுப்பும். எண் எங்கிருந்து வந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. அதனால் பழைய பில் மென்பொருளில் ஒரு வரிகூட மாற்றவேண்டியதில்லை. இன்றைய யுஎஸ்பி ஸ்கேனர்களும் வழக்கமாகக் கம்ப்யூட்டரிடம் தங்களை விசைப்பலகை என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன.

இந்த வேஷத்தால் தமிழ் அலுவலகங்களில் ஒரு கூத்தும் நடக்கும். ஸ்கேனர் அனுப்புவது எழுத்தை அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்ற செய்தியை. கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் தமிழ் தட்டச்சு முறையில் இருந்தால், ஸ்பீட் போஸ்ட் தபாலின் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள ஆங்கில எழுத்துகள் திரையில் தமிழ் எழுத்துகளாக வந்து விழும். ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று அதைப் பழுதுபார்க்க அனுப்புவதற்கு முன்னால் மொழியை மாற்றிப் பார்ப்பது நல்லது.

மூளையின் விலையும் இறங்கிவிட்டது. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண மைக்ரோகன்ட்ரோலருக்கு இன்று இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்துவிடலாம். மின்தராசிலும் ஆய்வுக்கூடக் கருவியிலும் பின்புறம் ஒரு சீரியல் துளை இருந்து, வெளியிலிருந்து வரும் எண்ணை ஏற்கும்படி உள்ளிருக்கும் புரோகிராம் எழுதப்பட்டிருந்தால் போதும். அந்தக் கதவு மூடியிருந்தால் எவ்வளவு கெட்டிக்காரச் சிப்பாலும் பயனில்லை. புதிதாகக் கருவி வாங்குபவர்கள் விலையைக் கேட்பதோடு இதையும் கேட்டுவைப்பது பின்னால் பணத்தை மிச்சப்படுத்தும்.

கோட்டில் விலை இல்லை

இவ்வளவு சாமர்த்தியமாகப் படித்தாலும், சிப்பின் கையில் கடைசியில் இருப்பது ஓர் எண்தான். விலை அதில் இல்லை. காலாவதி தேதி அதில் இல்லை. பொருளின் பெயர்கூட இல்லை. பொதுமக்கள் ஏமாறுவதும் சண்டை வருவதும் இந்த இடத்தில்தான்.

2020ல் சீனப் பொருள்களைப் புறக்கணிக்கும் அழைப்புகள் எழுந்தபோது, '890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு, 690 என்றால் சீனத் தயாரிப்பு' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வலம்வந்தது. அது தவறு. 890 என்பது அந்த எண்ணை இந்தியாவில் உள்ள ஜிஎஸ்1 அமைப்பு ஒரு நிறுவனத்துக்கு வழங்கியது என்பதை மட்டுமே காட்டுகிறது. அந்த நிறுவனம் பொருளை எந்த நாட்டில் வேண்டுமானாலும் தயாரித்திருக்கலாம். தயாரித்த நாட்டை அறிய உறையில் எழுத்தில் உள்ளதைத்தான் படிக்கவேண்டும்.

பணத்தைத் தொடும் விஷயம் இன்னொன்று. இந்தியாவில் உறைமீது அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்படுகிறது. தயாரிப்பாளர் விலையை இரண்டு ரூபாய் ஏற்றும்போது உறையில் விலை மாறும். பார்கோடு பெரும்பாலும் மாறாது. பழைய விலைப் பாக்கெட்டும் புதிய விலைப் பாக்கெட்டும் ஒரே அலமாரியில் அருகருகே இருந்தால் ஸ்கேனருக்கு இரண்டும் ஒன்றே. 'எந்த விலை?' என்று கேட்கும்படி மென்பொருளை அமைத்திருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால் பழைய பாக்கெட்டுக்கும் புதிய விலை விழும். உறையில் உள்ளதைவிட அதிகம் வாங்குவது சட்டப்படி தவறு. ஆனால் கோடு படித்ததால் கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று வாங்குபவரும் விற்பவரும் நம்பிவிடுகிறார்கள். சரக்கு மெதுவாகப் போய்ச்சேர்ந்து மெதுவாக விற்கும் தீவுகளிலும் மலைக்கிராமங்களிலும் பழைய சரக்கு அலமாரியில் தங்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் இந்தச் சோதனை அங்கே இன்னும் அவசியம்.

மாத்திரை அட்டையில் கட்டம்

கோட்டில் இடம் போதாது என்பதால் வந்ததுதான் கட்டம். 1994ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மாசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கிய க்யூஆர் கோடு, குறுக்கும் நெடுக்குமாக எழுதுவதால் 7,089 இலக்கங்கள்வரை கொள்ளும். ஒரு மூலை கிழிந்தாலும் அழுக்குப் பட்டாலும், உள்ளேயே வைத்திருக்கும் மாற்றுக் கணக்கைக்கொண்டு விட்டுப்போனதைச் சரிசெய்துகொள்ளும். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள ஊர்களுக்கு ஏற்ற குணம்.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இதை ரேஷன் கடையில் சந்தித்தன. 2017 ஏப்ரலில் காகித அட்டைக்குப் பதிலாக ஸ்மார்ட் அட்டை வந்தபோது, அதில் உள்ள க்யூஆர் கட்டத்தைக் கடையின் கைக்கருவி படித்தது. பிறகு 2020ல் கைரேகையும் சேர்ந்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் மருந்தில். 2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் பார்கோடோ க்யூஆர் கோடோ இருக்கவேண்டும் என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. மருந்தின் பொதுப்பெயர், பிராண்ட் பெயர், தயாரிப்பாளரின் முகவரி, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உரிம எண் ஆகியவை அதில் இருக்கவேண்டும். பக்கத்தில் பெரிய மருத்துவமனை இல்லாத ஊரில், கையிலுள்ள மாத்திரை உறையில் எழுதியிருப்பதும் கட்டத்தில் இருப்பதும் பொருந்துகிறதா என்று செல்போனாலேயே ஒத்துப்பார்க்க வழி கிடைத்திருப்பது சிறிய விஷயமல்ல. கட்டத்தையும் ஒருவர் நகலெடுக்க முடியும் என்பதால் இது முழு உத்தரவாதம் ஆகாது. ஆனால் பொருந்தாவிட்டால் அது உறுதியான எச்சரிக்கை.

சிக்கல் என்னவென்றால், கோட்டுக்காகச் செய்த பழைய சிப்புக்குக் கட்டம் படிக்கத் தெரியாது. கோட்டைப் படிக்க ஒரு கீற்று ஒளி போதும். கட்டத்துக்கு முழுப் படம் வேண்டும், கேமரா வேண்டும், வலுவான மூளை வேண்டும். 2027 இறுதிக்குள் கடைகளின் ஸ்கேனர்கள் கோடு, கட்டம் இரண்டையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று உலக ஜிஎஸ்1 அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே கேள்வி மறுபடியும் கடைவாசலில் நிற்கிறது: புதிய இயந்திரமா, கூடுதல் திறனா? பதிலும் ஏறக்குறைய அதேதான். கேமரா, டிகோடர் இரண்டையும் சேர்த்துத் தீப்பெட்டி அளவில் விற்கும் ஸ்கேன் மாட்யூல்கள் வந்துவிட்டன. அவையும் பழைய நாக்கிலேயே, சீரியல் வழியாகவோ விசைப்பலகை வேஷத்திலோதான் பேசுகின்றன.

கேபிள் வந்த தீவு

அந்தமானின் லாங் ஐலண்டுக்கு 2020 ஒரு முக்கியமான ஆண்டு. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் அந்த ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அது அன்று போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜய புரத்தோடு நிற்கவில்லை. ரங்கத், லாங் ஐலண்ட் உள்ளிட்ட ஏழு இடங்களையும் இணைத்தது. அதுவரை தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது.

பார்கோட்டுக்கும் கேபிளுக்கும் என்ன சம்பந்தம்? படிப்பதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. சிப்புக்கு இணையம் தேவையில்லை. கடலில் புயலடித்துத் தொடர்பு அறுந்தாலும் அது கோட்டைப் படித்து 13 இலக்கத்தைத் தந்துவிடும். ஆனால் அந்த எண்ணுக்கு என்ன பெயர், என்ன விலை, எவ்வளவு இருப்பு என்று சொல்லும் பேரேடு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அது கடையின் கம்ப்யூட்டரிலேயே இருந்தால் கடை ஓடும். தூரத்து ஊரின் சர்வரில் மட்டும் இருந்தால், தொடர்பு போகும் நாளில் ஸ்கேனர் எண்ணைச் சொல்லும். அதற்கு அர்த்தம் சொல்ல ஆள் இருக்காது. தொலைவில் உள்ள ஊர்களில் பார்கோடு வசதி செய்பவர்கள் ஸ்கேனரின் விலையைவிட இதை முதலில் யோசிக்கவேண்டும்.

ஒரு லாங் ஐலண்ட் உலகத்துக்கு ஸ்கேனர் விற்றது. இன்னொரு லாங் ஐலண்டில் படகிலிருந்து இறங்கும் பெட்டியில் அதே உலகத்தின் கோடுகள் வந்துகொண்டிருக்கின்றன. நடுவில் உள்ள தூரத்தைக் கடக்க அதிக விலையுள்ள புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. பழைய தராசின் பின்பக்கம் ஒரு திறந்த துளை, அதில் செருக ஒரு சின்ன மூளை, அருகிலேயே ஒரு சரியான பேரேடு. அதோடு, 'பீப்' சத்தம் கேட்ட பிறகும் உறையைத் திருப்பி விலையையும் தேதியையும் படித்துப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண்கள்.